கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னவர்

அந்த ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லா பெஞ்சிலிருந்தும் ஆள் எழுந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரே பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லி டீச்சருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால் ஊர், கூடிப் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தது: ஆளுக்கொரு பட்டப்பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்திய அவளுக்குக் கிடைத்தது 'கிளட்ச்'. பழக வருகிறவர்களிடம் நாள் முழுக்க "கிளட்சை மிதிங்க, கிளட்சை மிதிங்க" என்று கத்தியதில் ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பதைத் தாண்டியதும் மரியாதையாகக் கிளட்ச் அக்கா ஆனாள்.

பிறந்த வீட்டுப் பெயரும் அதுதான், புகுந்த வீட்டுப் பெயரும் அதுதான். கல்யாணத்தின்போது எந்தக் காகிதத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்று அவள் கணவர் இன்றும் பெருமையாகச் சொல்வார். அவர் பிளம்பர். வேலை மிச்சமாகிற எந்த விஷயமும் அவருக்குப் பிடிக்கும்.

வம்சம், வழிமுறை என்று கிளட்ச் அக்கா அதுவரை கவலைப்பட்டதில்லை. அவளுடைய அப்பாவின் தாத்தா, அதாவது அவளுக்குக் கொள்ளுத்தாத்தா, வாலிபத்தில் எங்கிருந்தோ இந்தத் துறைமுக ஊருக்கு வந்து குடை ரிப்பேர்க் கடை போட்டார். ஊர் அவரைக் 'குடைக்காரர்' என்றது. எங்கிருந்து வந்தார், பெற்றவர்கள் யார் என்று அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு அப்பால் சுவர்.

அந்தச் சுவரை இடித்துவிட்டதாக ஒருநாள் அறிவித்தது அவளுடைய பெரியப்பா மகன். அவர் கட்டடம் கட்டிக் கொடுப்பவர், பட்டப்பெயர் 'சிமெண்ட்'. தனக்கென்று ஒரு வீடு கட்டி, சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தார். ஹாலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கதவளவுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே கிளை விரித்த குடும்ப மரம். வம்சம் தேடிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று செய்து தந்ததாம். குடைக்காரருக்கு மேலே, தங்க எழுத்தில், தலைநகரத்தில் சொந்தமாகக் கப்பல்கள் வைத்திருந்த ஒரு சீமானும் அவர் மனைவியும் கொலுவிருந்தார்கள்.

கிளட்ச் அக்காவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியும் கண் கூர்மை. சட்டத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"எங்க தாத்தா படகுல கால் வச்சாலே வாந்தி எடுப்பாரு" என்றார். "கப்பல்காரர் மகனாம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. சிமெண்ட் சிரிக்கவில்லை. கப்பல்காரர் மகன் என்றால் கப்பலில் ஏறியே ஆக வேண்டும் என்று சட்டமா சித்தப்பா என்று கேட்டார். அப்போதுதான் கிளட்ச் அக்கா, வம்புக்கு என்றில்லாமல், மனதில் பட்டதைக் கேட்டுவைத்தாள்: அது நம் கொள்ளுத்தாத்தாதான் என்று எப்படித் தெரியும்? பெயர் ஒத்துப்போகிறது, பிறந்த வருஷமும் ஒத்துப்போகிறது, இன்னும் என்ன வேண்டும் என்றார் அவர். அந்தப் பெயரும் அந்த வருஷமும் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்குமே என்றாள் இவள்.

"இது இல்லன்னு யார் வேணா சொல்லலாம்மா" என்றார் சிமெண்ட். "அப்ப எதுன்னு நீ சொல்லேன், பாக்கலாம்."

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவளுக்குத்தான் அது செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையே தலைநகரத்துக்குப் போனாள். கப்பல்காரர் குடும்பத்துக் கல்லறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பளிங்கில் ஒரு சின்ன வீடே கட்டியிருந்தார்கள். பக்கவாட்டுச் சுவரில் குழந்தைகளின் பெயர்கள். அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் இருந்தது, அதே பிறந்த வருஷத்தோடு. நாலு வயதில் இறந்துபோன பிள்ளை. நாலு வயதில் போனவன் எழுந்து வந்து குடைக்கடை வைத்திருக்க முடியாது.

போனில் படம் எடுத்துக்கொண்டாள். வேறு யாராவது என்றால் அங்கிருந்தே அண்ணனுக்கு அனுப்பி வெறுப்பேற்றியிருப்பார்கள். இவள் அனுப்பவில்லை. அவர் கேட்டது எது இல்லை என்று அல்லவே, எது என்றுதானே.

ஆனால் எது என்று தேடப் புகுந்தால் அது கரை தெரியாத தண்ணீராக இருந்தது. சொந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவு சுலபமாகக் கிடைத்தது. பெற்றோர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அழுத்தம். கோபம் அப்படியே தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று நகலை அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பெயர்க் குடும்பங்களை ஊர் ஊராகத் தேடப் புறப்பட்டாள். ஞாயிறு தோறும் காரை எடுத்தாள். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை, அந்த வயதில், வீட்டை விட்டுப் போயிருந்தான். எல்லா வீட்டிலும் ஒருவன் எங்கோ போய்த்தான் இருக்கிறான்.

ஒருமுறை கரை கண்டுவிட்டதாகவே நினைத்தாள். கூரை ஓடு வேயும் ஒரு பெரிய குடும்பம். அவர்களிலும் ஒரு பையன் காணாமல் போயிருந்தான். ஆண்கள் எல்லோருக்கும் அவள் அப்பாவைப் போலவே விடைத்த காது. அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்து, உட்கார வைத்து, வயிறு வெடிக்கச் சாப்பாடு போட்டார்கள். குழந்தைகள் அத்தை, அத்தை என்று மடியில் ஏறினார்கள். மூன்றாம் முறை போனபோது அந்த வீட்டுப் பெரியவர் தயங்கித் தயங்கி ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். காணாமல் போன பையன், வெளிதேசத்தில், தன் பேரன் பேத்திகள் சூழ உட்கார்ந்திருந்தான். குடைக்காரர் மண்ணுக்குள் போய்ப் பல வருஷம் கழித்து எடுத்த படம். அந்தக் குழந்தைகள் மட்டும் இன்றைக்கும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். உறவு தப்பு என்று நிரூபணம் ஆன பிறகும் விட மாட்டேன் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, போதும், விட்டுவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னாள். சொன்ன வாரமே பார்சல்காரர் வந்து கதவைத் தட்டினார். ஊருக்குப் புதியவர். வியர்த்து வழிந்தபடி, இந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நின்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"உங்க பேரைச் சொல்லிக் கேட்டா ஆளுக்கொரு வீட்டைக் காட்டறாங்கம்மா" என்றார் அவர். "அப்புறம் என் லிஸ்டைப் பாத்தேன், உங்க பக்கத்து வீட்டுக்காரர் பேரு ஒரு தினுசா இருக்கு, ஊர்லயே ஒண்ணுதான். அவர் வீடு எதுன்னு கேட்டேன். நேரா வந்துட்டேன்."

கையெழுத்துப் போட எடுத்த பேனா அவள் கையிலேயே நின்றது. பார்சலை வாங்கி எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. அலமாரியைத் திறந்து கல்யாணப் பதிவின் நகலை வெளியே எடுத்தாள். இத்தனை நாளும் மாப்பிள்ளையின் பெயரையும் அந்தக் கோட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் அந்த அலுவலகத்துக் காவலாள். அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அவரே சாட்சி. இன்னொருவர் பெயர் நீளமாக, கோணல்மாணலாக, வாய்க்குள் நுழையாத பெயராக இருந்தது. அப்படி ஒரு பெயரை அவள் பிறந்தது முதல் கேட்டதில்லை.

கோபித்துக்கொண்டு தனியாக ஊருக்கு வந்தவன் கல்யாணத்துக்கு யாரைக் கூட்டி வந்து நிறுத்துவான்? வேண்டியவனைத்தானே?

அந்தப் பெயரைத் தேடுவதற்குச் சிரமமே இல்லை. நாடு முழுவதிலும் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு ரயில் சந்திப்பு ஊர், அங்கே ஒரு சலவைக் கடை. பலகையிலேயே அந்தப் பெயர்தான். போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். பின்னால் இஸ்திரி இயந்திரம் புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம். கிளட்ச் அக்கா முன்கூட்டியே பலதடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"எங்க பேரை யாருமே மொதல் தடவையில சரியா சொன்னதில்ல" என்றது குரல். "நீங்க சொல்லிட்டீங்க. அப்ப ஏதோ பெரிய விஷயம். சொல்லுங்க."

குடைக்காரரின் பெயரையும் கல்யாண வருஷத்தையும் சொன்னாள். அந்தப் பெண் போனைக் கையால் மூடிக்கொண்டு, "அக்கா, மிஷினை நிறுத்திட்டு வா" என்று யாரையோ கூப்பிடுவது கேட்டது.

அடுத்த ஞாயிறு அப்பாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். அவர் முதலில் வரமாட்டேன் என்றார். எண்பது வருஷம் தெரியாமல் இருந்தது இன்னும் கொஞ்சம் தெரியாமல் இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. ஆனால் கிளம்பும் நேரத்தில் பார்த்தால் சட்டை மாற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வளைவுக்கு வளைவு அவர் அதை மிதித்தார். கிரேன்காரருக்கு வேகம் ஆகாது. கடைசியில் மகள் ஓரமாக நிறுத்தி, நீங்கள் காலை மடக்கி உட்காராவிட்டால் திரும்பிவிடுவேன் என்றாள். மடக்கிக்கொண்டார்.

சலவைக் கடைக்காரிகள் அக்காவும் தங்கையும். இருவரும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தப் பெயருக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். கடைக்குப் பின்னால் சமையலறை. மேலே கொடிகளில் பிறத்தியார் படுக்கை விரிப்புகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. அவற்றைத் தலையால் விலக்கிக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் தங்கை முடித்தாள். முடித்த விதம் சரியில்லை என்று அக்கா மறுபடி ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா, ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். அவர் மனைவிதான் குடைக்காரரின் கூடப்பிறந்த அக்கா. அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் அப்பா, குதிரைச் சேணம் தைப்பவர். அம்மா, பட்டாளத்துச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்தவள். மகன் தன்னைவிட மூத்த ஒரு விதவையை, கையில் குழந்தை இருந்தவளை, கட்டிக்கொள்வேன் என்று நின்றான். அப்பா வாசலைக் காட்டினார். மகன் அந்தப் பெண்ணோடும் குழந்தையோடும் போயே போய்விட்டான்.

இதைக் கேட்டதும் கிரேன்காரர் நிமிர்ந்தார். தன் பாட்டி தாத்தாவைவிட மூத்தவள் என்பதும், பெரியப்பா ஒருவர் பாட்டியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை என்பதும் வீட்டுக்குள் மட்டுமே தெரிந்த சங்கதி. சிமெண்ட்டின் தங்க எழுத்து மரத்தில்கூட அது இல்லை.

"கல்யாணத்துக்கு எங்க கொள்ளுத்தாத்தா மட்டும் யாருக்கும் சொல்லாம போயிட்டு வந்தாராம்" என்றாள் அக்கா. "மாமனார் கோபம் தணியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னாராம். அதுக்குள்ள எஞ்சின் கொதிகலன் வெடிச்சு..."

"விலாசம் அவரோட போயிடுச்சு" என்று முடித்தாள் தங்கை. இந்த முறை அக்கா திருத்தவில்லை.

தம்பி போன ஊர் எது என்பது மட்டும்தான் குடைக்காரரின் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. சேணக்காரரின் கோபம் அந்த வருஷமே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு, ரயிலேறித் துறைமுக ஊருக்கு வந்தாள். மகனின் பெயரைச் சொல்லித் தெருத்தெருவாகக் கேட்டாள். கேட்ட இடத்தில் எல்லாம் அந்தப் பெயர்க்காரன் ஒருவன் வெளியே வந்தான். ஒருவனும் அவள் பிள்ளை இல்லை. அவனை அந்த ஊர் குடைக்காரன் என்று கூப்பிடுகிறது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கால் நடக்கும்வரை வருஷா வருஷம் வந்தாள்.

கிரேன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"கடைக்குப் பேர் போட்டு ஒரு போர்டு வைங்க தாத்தான்னு நான் சின்னப் பையனா இருக்கறப்ப கேட்டிருக்கேன்" என்றார். "இந்த ஊர்ல என் பேரை யார்ரா தேடி வரப் போறான்னாரு."

தங்கை எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஒரு பழைய தோல் பையை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். சேணக்காரர் மகளுக்குத் தைத்துக் கொடுத்தது. கிரேன்காரர் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. தன் தாத்தா குடை உறைக்கு வார் தைக்கும்போது ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்து, எதிரும் புதிருமாக ஒரே துளையில் விட்டு இழுப்பார் என்றார். குடை ரிப்பேர்காரர் வேறு யாரும் அப்படித் தைத்து அவர் பார்த்ததில்லை. அது சேணம் தைக்கிற விதம் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இதற்குள் அக்கா விரல் விட்டு உறவு முறையைக் கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

"அப்படின்னா நீங்க எங்களுக்கு மாமா" என்றாள்.

"எனக்கு நீங்க அண்ணி" என்றாள் கிளட்ச் அக்கா. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கூரை ஓட்டுக்காரர்கள் வீட்டில் அவளுக்கு அப்படி வரவில்லை.

ஆனால் ஒருமுறை சூடு கண்டவள். காதை நம்பி ஏமாந்தது போதும் என்று, அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் அக்கா தம்பி இருவர் பிறப்பையும் தேடி, பெற்றவர்கள் ஒன்றே என்று பார்த்துக்கொண்டாள். எச்சில் எடுத்து ரத்த உறவைச் சோதிக்கும் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்தாள். இந்த வயதில் துப்பச் சொல்கிறாயே என்று அப்பா முனகிக்கொண்டே குழாயை நிரப்பினார். முடிவு வந்த அன்று ஒரு மாணவன் ஓட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்த்தவள் அவனை ஓரம் கட்டச் சொல்லி, கீழே இறங்கி, நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள். தான் பரீட்சையில் பாஸாகிவிட்டதாக நினைத்து அந்த மாணவனும் இறங்கி வந்து கை தூக்கினான்.

சிமெண்ட் வீட்டுக்கு அவள் தனியாகப் போகவில்லை. சகோதரிகள் இருவரையும் ரயிலில் வரவழைத்து, அவர்களோடு போனாள். இவர்கள் யார் என்று அவர் கேட்டார். நம் கொள்ளுத்தாத்தாவின் சொந்த அக்கா வழியில் வந்தவர்கள் என்றாள். அவர் சட்டத்தைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். கிளட்ச் அக்கா பளிங்குக் கல்லறைப் படத்தைக் காட்டினாள். நாலு வயது என்பதை அவர் உரக்கப் படித்தார். வாக்குவாதத்துக்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் அக்காவும் தங்கையும் மாறி மாறிக் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அந்தம்மா நம்ம ஊருக்கே வந்தாங்களா?" என்றார். "இந்தத் தெருவுக்கெல்லாமா?"

"எல்லாத் தெருவுக்கும்" என்றாள் தங்கை.

சிமெண்ட் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, கதவளவு சட்டத்தைத் தானே கழற்றிக் கீழே இறக்கினார். "இதுக்காகவே இந்தச் சுவரைத் தனியா கனமா கட்டினேன்" என்று மட்டும் முணுமுணுத்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, அந்த அம்மாவை எங்கே புதைத்திருக்கிறது என்று கேட்டார்.

சேணக்காரரும் அவர் மனைவியும் சந்திப்பு ஊரின் கல்லறைத் தோட்டத்தில், புல் மூடிய ஒரு மூலையில் இருந்தார்கள். நட்ட கல் இரண்டாக உடைந்து மண்ணுக்குள் போயிருந்தது. சிமெண்ட் ஆட்களை அனுப்பவில்லை. தானே முழங்கால் போட்டு உட்கார்ந்து அடித்தளம் போட்டார். புதுக் கல்லில் கணவன் மனைவி பெயர்களும், கீழே மகள் பெயரும் மகன் பெயரும். மகன் பெயருக்குப் பக்கத்தில் குடைக்காரர் என்றும் வெட்டச் சொன்னவள் கிளட்ச் அக்கா.

கல்லைத் திறந்துவைத்த நாளில் இரண்டு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கூரை ஓட்டுக்காரர்களும் அழையாமலே வந்துவிட்டார்கள். கிரேன்காரர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டையில், "பாட்டி, இத்தனை பேர் இருக்கோம்" என்றார். தோட்டத்தின் அந்தக் கோடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

போட்டோ எடுக்க வந்தவர் அந்த ஊர்க்காரர். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நினைத்து, சலவைக் கடைக் குடும்பம் வலது பக்கம், குடைக்காரர் பெயர்க் குடும்பம் இடது பக்கம் வரட்டும் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, மொத்தக் கூட்டமும் இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கத்தில் அக்காவும் தங்கையும் மட்டும், நீ ஏன் இன்னும் தள்ளி நிற்கிறாய் என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டு நின்றார்கள். சிமெண்ட்தான் முதலில் வரிசையை உடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனார். அப்புறம் கிளட்ச் அக்கா, அவள் கணவர், அப்பா, மடியில் ஏறிப் பழகிய குழந்தைகள் என்று ஒவ்வொருவராகப் போகவும் இடது பக்கம் காலியானது. போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, எப்படியோ நில்லுங்கள் என்று பொத்தானை அமுக்கினார்.